உப்புக்கல்லின் உள்ளமைப்பு

கேள்வி: எங்கள் ஊர் உப்பளத்தில் வாரிய உப்பைப் பொடித்து, கல்லூரி ஆய்வகத்தின் எக்ஸ் கதிர்க் கருவியில் வைத்தபோது, தாளில் சில கூரிய உச்சிகள் மட்டுமே பதிவாயின. அவற்றைக் கொண்டே அணுக்களின் அடுக்கையும் இடைவெளியையும் ஆசிரியர் கூறினார். அணுவைக் காணாமலே இது எப்படி இயலும்?
– கல்லூரி மாணவி, புத்தளம், கன்னியாகுமரி மாவட்டம்.

பதில்: படிகங்கள் எக்ஸ் கதிர்களைச் சிதறடித்து ஒழுங்கான புள்ளிகளைத் தோற்றுவிக்கும் என்பது, ஜெர்மானிய இயற்பியலாளர் மாக்ஸ் வான் லாவேயின் யோசனைப்படி 1912இல் நடந்த சோதனையில் தெரியவந்தது. அடுத்த ஆண்டே இயற்பியலாளர் வில்லியம் லாரன்ஸ் பிராக் அமைப்பைக் கண்டறிந்த முதல் படிகங்களுள் சாதாரண உப்பும் ஒன்று. ஆகவே நீங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுசென்றது இத்துறையின் தொடக்கப் பொருளையே.

கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் அலைநீளம் அணுக்களின் இடைவெளியைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியது என்பதால், எந்த ஒளி நுண்ணோக்கியாலும் அவற்றைப் பிரித்துக் காட்ட இயலாது. எக்ஸ் கதிரின் அலைநீளமோ அந்த இடைவெளிக்கு நிகரானது. அடுக்கடுக்கான அணுத்தளங்களில் பட்டுத் திரும்பும் அலைகளுள், அடுத்தடுத்த தளங்களிலிருந்து வருபவற்றின் பாதை வேறுபாடு முழு அலைநீளங்களாக அமையும் கோணத்தில் மட்டும் அவை ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. அந்தக் கோணமே தாளில் உச்சியாகிறது. கருவியின் தாமிர இலக்கிலிருந்து வரும் 1.54 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அலைநீளக் கதிருக்கு உப்பின் மிக வலிய உச்சி 31.7 டிகிரியில் தோன்றும். இது கதிர் திசை மாறிய முழுக் கோணம்; தளத்தோடு கதிர் அமைக்கும் கோணம் இதில் பாதி. அந்த 15.85 டிகிரியின் சைன் மதிப்பை இரண்டால் பெருக்கி, அதனால் அலைநீளத்தை வகுத்தால் 2.82 ஆங்ஸ்ட்ராம் கிடைக்கும். அடுத்தடுத்த சோடியத்துக்கும் குளோரினுக்கும் உள்ள தூரம் இதுவே.

இடைவெளியைக் கோணம் சொல்கிறது. எந்த இடத்தில் எந்த அணு என்பதை உச்சியின் வலிமை சொல்கிறது. என்னை மிகவும் வியக்கவைப்பது இந்த இரண்டாவது பகுதிதான். எக்ஸ் கதிரைச் சிதறடிப்பவை எலக்ட்ரான்கள். உப்பில் ஒருவகைத் தளங்கள் சோடியம் மட்டும், குளோரின் மட்டும் என மாறிமாறி அமைகின்றன. சோடியம் அயனியின் 10 எலக்ட்ரான்களால் குளோரைடு அயனியின் 18 எலக்ட்ரான்கள் தரும் எதிரலையை முழுதாக அழிக்க முடியாததால், 27.4 டிகிரியில் மெலிந்த உச்சி ஒன்று எஞ்சுகிறது. பொட்டாசியம் குளோரைடிலோ இரு அயனிகளுக்கும் 18 எலக்ட்ரான்களே உள்ளதால், அதற்கு இணையான உச்சி மறைந்தே போகிறது. இரண்டையும் ஒப்பிட்டதாலேயே ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் 6 குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் 6 சோடியம் என்ற அடுக்கு உறுதியாயிற்று. உப்பில் தனித்தனி மூலக்கூறுகளே இல்லை என்பது அன்றைய வேதியியலாளர் சிலருக்கு ஏற்கவே முடியாததாக இருந்தது.

உப்பளப் பாத்திகளில் கடல்நீர் வற்றும்போது உப்புக்கு முன்பே ஜிப்சம் படியத் தொடங்கும். உங்கள் தாளில் 11.6 டிகிரியை ஒட்டிச் சிறிய உச்சி ஏதும் இருந்தால், அது பெரும்பாலும் வாரும்போது உப்போடு சேர்ந்து வந்த ஜிப்சமாகவே இருக்கும்.