ஸ்டெல்த் விமானத்தை நம்பி மகளின் ஃபீஸ் பணத்தைப் போடலாமா?

கேள்வி: எனக்கு 48 வயது. மகளின் காலேஜ் செலவுக்காகச் சேர்த்த 8 லட்சம் ரூபாய் எஃப்.டி. அடுத்த மாதம் முதிர்கிறது. பணம் மூன்று வருடத்தில் தேவை. இந்தியா ரேடாரில் சிக்காத போர் விமானம் செய்யப்போகிறது, டிஃபென்ஸ் பங்கில் போட்டால் இரண்டு மடங்காகும் என்கிறார் மைத்துனர். போடலாமா?

பதில்: இந்தப் பணத்தைப் போடாதீர்கள்.

மைத்துனர் சொல்வதில் பாதி சரி. ஆம்கா என்ற அந்த விமானத்தை வடிவமைத்து ஐந்து மாதிரிகள் செய்ய, 2024 மார்ச்சில் சுமார் 15,000 கோடி ரூபாய்க்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. ஆனால் விமானப்படைக்கு அது வந்து சேர 2035 வாக்கில் ஆகும் என்பதுதான் திட்டமே. அதற்குள் உங்கள் மகள் படிப்பை முடித்து வேலைக்கே போயிருப்பாள். தவிர, 2025 மே மாதம் அதைச் செய்யும் வேலைக்கு அரசு, தனியார் என்று எல்லா நிறுவனங்களும் போட்டியிடலாம் என்று திறந்துவிட்டார்கள், ஆகவே ஒரே கம்பெனியை நம்பி வாங்குவதும் சரிவராது.

எனக்குப் பெரிய பயம் வேறு. விமானத்தின் விலை அதிகமானால் செய்கிறவருக்கு லாபமும் அதிகம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஸ்டெல்த்தில், அதாவது ரேடாரில் சிக்காத விமானத்தில், செலவுதான் முதலில் ஏறும். ரேடார் அலை பட்டு வந்த வழியே திரும்பக்கூடாது என்று விளிம்புகளின் கோணம் வரை பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள், மேலே அலையை உறிஞ்சும் பூச்சு, தகடுகள் சேரும் இடுக்கில்கூட டேப்பும் பசையும் வைத்து அடைப்பு. பழுது பார்க்க ஒரு மூடியைத் திறந்தால் அந்த அடைப்பு வேலையை முதலிலிருந்து செய்யவேண்டும். அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானத்தை நிறுத்த ஏசி கொட்டகையே கட்டினார்கள். 132 வாங்குவதாக ஆரம்பித்து 21-இல் நிறுத்தியதால் ஆராய்ச்சிச் செலவு முழுக்க அந்த 21-இன் தலையில் விழுந்தது, ஒன்றின் அடக்கவிலை 1997 கணக்கில் 213 கோடி டாலர்.

அந்தச் சுமை வரி கட்டியவர்கள் மேல் போனது. அடுத்து வந்த பி-21-இல் கதை மாறியது. அதைச் செய்யும் நார்த்ராப் குரூமன் கம்பெனி முதல் சில தொகுதிகளை இன்ன விலைக்குத் தருகிறேன் என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்தது, அப்புறம் விலைவாசியும் தயாரிப்புச் செலவும் ஏறிவிட, 2023 கடைசிக் காலாண்டில் 156 கோடி டாலரும் 2025 முதல் காலாண்டில் மேலும் 47.7 கோடி டாலரும் கணக்கில் நஷ்டமாக எழுதவேண்டி வந்தது. ஆர்டர் கையில் இருந்தும் இந்த அடி, அதுவும் பங்குதாரர் பணத்தில். இன்னொன்று ஏ-12, அமெரிக்கக் கடற்படைக்கான ஸ்டெல்த் விமானம். ஒன்றுகூடப் பறக்காமல் 1991-இல் ரத்தானது, வழக்கு மட்டும் 2014 வரை இழுத்தது.

சரி, என்ன செய்யலாம்? 8 லட்சத்தையும் எஃப்.டி.யிலேயே புதுப்பியுங்கள், ஒரே ரசீதாகப் போடாமல் ஒவ்வொரு வருட ஃபீஸ் தேதிக்கும் முன்னால் ஒன்று முதிர்கிற மாதிரி பிரித்துப் போடுங்கள். டிஃபென்ஸ் பங்கு மேல் ஆசை இருந்தால் சம்பளத்தில் மாதம் இரண்டாயிரம், பத்து வருடம் தொடக்கூடாத பணமாக.