முகாபேயை எந்த ஆண்டிலிருந்து சர்வாதிகாரி என்று எழுதுவது?

கேள்வி: போட்டித் தேர்வுக்காக உலக வரலாறு படித்து வருகிறேன். ஜிம்பாப்வேயின் ராபர்ட் முகாபே 2000-ஆம் ஆண்டு நிலப் பறிப்பிலிருந்துதான் சர்வாதிகாரியாக மாறினார் என்று எழுதினால் சரியாக இருக்குமா?

பதில்: அப்படி எழுத வேண்டாம். உங்கள் விடை 17 ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கிவிடும்.

அவர் போராளி என்பதில் ஐயமில்லை. வெள்ளையர் சிறுபான்மை ஆட்சி நடத்திய ரொடீசியாவில் (ஜிம்பாப்வேயின் அன்றைய பெயர்) பத்தாண்டுகள் சிறையில் கிடந்தவர்; 1966-இல் தம் சிறு மகன் இறந்தபோது அடக்கத்துக்குச் செல்லக்கூட அனுமதி மறுக்கப்பட்டவர். 1980 தேர்தலில் 100 இடங்களில் 57-ஐ அவர் கட்சி வென்றது. ஏப்ரல் 18 அன்று நாடு விடுதலை பெற்றது. வெள்ளையரோடு இணங்கிப் போவோம் என்று அவர் சொன்னதை உலகம் பாராட்டியது.

அந்தப் பாராட்டு ஓயும் முன்பே, 1983 ஜனவரியில், வட கொரியா பயிற்சியளித்த ஐந்தாம் படைப்பிரிவை, போட்டித் தலைவர் ஜோசுவா இன்கோமோவின் ஆதரவாளர்கள் நிறைந்த மாட்டபெலேலாந்துக்கு அனுப்பினார். அந்த நடவடிக்கையின் பெயர் குக்குராஹுண்டி. பதரை அடித்துச் செல்லும் முதல் மழை என்பது ஷோனா மொழியில் அதன் பொருள். மனிதர்களைப் பதர் என்று சொன்ன அந்தப் பெயரையே விடையில் குறிப்பிடுங்கள். 1984-இல், கடும் வறட்சியின் நடுவே, ஊரடங்கு போட்டுக் கடைகளை மூடி, நிவாரண தானியத்தையும் நிறுத்தினார்கள். கொல்லப்பட்டோர் 20,000 வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. 1987-இல் இன்கோமோவின் கட்சி ஆளுங்கட்சியில் கரைந்தது. அரசியல் சட்டத்தைத் திருத்தி, பிரதமர் பதவியை ஒழித்து, முகாபே அதிகாரம் மிக்க அதிபரானார். இத்தனைக்கும் பிறகு, 1994-இல் பிரிட்டன் அவருக்குக் கௌரவ நைட் (knight) பட்டம் அளித்தது என்பதை எண்ணிப் பார்த்தால், 2000 என்ற ஆண்டு எப்படி நிலைத்தது என்பது புரியும்: வெள்ளையரின் பண்ணைகள் பறிபோனபோதுதான் மேற்குலகம் விழித்துக்கொண்டது.

நிலப் பசி உண்மையானது, குடியேற்ற ஆட்சி விட்டுச்சென்ற அநீதி அது. ஆனால் புதிய அரசியல் சட்டத்துக்கான 2000 பிப்ரவரி பொது வாக்கெடுப்பில் முகாபே தோற்ற சில நாட்களிலேயே அவர் ஆதரவாளர்கள் பண்ணைகளில் புகுந்தார்கள் என்ற வரிசையை விட்டுவிடாதீர்கள். பொருளாதாரச் சரிவுக்கு ஒரு வரி போதும்: 2009-இல் அச்சான நூறு லட்சம் கோடி ஜிம்பாப்வே டாலர் நோட்டில் ஒன்றுக்குப் பின் 14 சுழியங்கள் இருந்தன.

2017 நவம்பரில் ராணுவம் அவரை வீட்டில் அடைத்தது. பதவிநீக்க விவாதத்தின் நடுவே சபாநாயகர் அவருடைய விலகல் கடிதத்தை வாசித்தபோது உறுப்பினர்கள் எழுந்து ஆடினார்கள். அதை மக்களாட்சியின் மீட்சி என்று எழுதிவிட வேண்டாம். அடுத்து அதிபரான எம்மர்சன் மனங்காக்வா, 1983-இல் அரசுப் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர்.