பின்பால் மெஷினில் (இரும்புக் குண்டைத் தட்டி ஆடும் விளையாட்டு மெஷின்) ஒரே இரைச்சல், பேச்சு வரவில்லை. சவுண்டு போர்டையே மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். போர்டு விற்கிறவரிடம் கேட்டால் மாற்றத்தான் சொல்வார்.

எந்த மெஷின் என்று நீங்கள் எழுதவில்லை. பேச்சு வரவில்லை என்கிறீர்கள், அதனால் 1979-லோ அதற்குப் பிறகோ வந்ததாக இருக்க வேண்டும். முதன்முதலில் பேசிய பின்பால் அந்த வருடம் வில்லியம்ஸ் கம்பெனி விட்ட கோர்கார்தான். அதற்குத் தெரிந்தது ஏழே வார்த்தை. அப்புறம் ஆட ஆட வேகமெடுக்கும் ஒரு இதயத்துடிப்பு.

நியூஜெர்சியில் என் மகன் வாங்கி வைத்திருந்ததும் அதேதான். நான் அங்கே போனபோது கராஜில் 'ஙொய்ய்ய்' என்று இரைந்துகொண்டிருந்தது. யாரோ வந்து பார்த்துவிட்டு ஸ்பீக்கரை மாற்றியிருக்கிறார், இரைச்சல் போகவில்லை. உடனே போர்டு போச்சு என்று சொல்லிவிட்டார். (விசிட்டர் விசாவில் போய் வேலை பார்த்தாயா என்று யாரும் கிளம்ப வேண்டாம். பெற்ற மகன் வீடு, ஒரு பைசா வாங்கவில்லை.)

திண்டுக்கல்லில் 31 வருடம் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்தவன் நான். அந்த ஹம் என் காதுக்கு ஒட்டவில்லை. நம் ஊரில் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஏசியிலிருந்து வரும் டிசியைச் சீராக்குகிற ஃபில்டர் கன்டென்சர் செத்தால் 100-ல் இரையும். அங்கே 60 ஹெர்ட்ஸ், அதனால் 120. பாட்டுத் தெரிந்தவர்களுக்குச் சொல்வதென்றால், நம் ஊர் ஹம் சட்ஜம், அங்கே அது சாதாரண காந்தாரம். இதுவே 60-ல் அடித்தொண்டையில் உறுமியிருந்தால் டயோடையோ எர்த் கோளாறையோ சந்தேகப்பட்டிருப்பேன்.

மீட்டரை டிசியில் வைத்தேன். 12 வோல்ட் லைனில் 11-க்கு மேல் காட்டியது. இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதே இடத்தில் ஏசிக்கு மாற்றினால் இரண்டரை வோல்ட்! கன்டென்சர் நன்றாக இருந்தால் அங்கே ஏசி இவ்வளவு இருக்கக் கூடாது. மைனஸ் 12-ஐயும் பாருங்கள். அது இல்லையென்றால் ஒலியைப் பிறப்பிக்கிற 1408 ஐசி வேலை செய்யாது, போர்டு செத்த மாதிரியே நடிக்கும். ஒன்றரை டாலர் கன்டென்சரை மாற்றியதும் ஹம் நின்றது. கைவைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், பெரிய கன்டென்சரை டிஸ்சார்ஜ் செய்யுங்கள்.

ஆஸிலோஸ்கோப் இல்லாமல் இது என்ன வைத்தியம் என்று இன்ஜினியர்கள் கேட்பார்கள். உங்களிடம் இருந்தால் தாராளமாகப் பாருங்கள், என்னிடம் இருந்தது மகனின் பத்து டாலர் மீட்டர்.

ஹம் போன பிறகும் பேச்சு வரவில்லை. போர்டிலேயே சின்ன டெஸ்ட் பட்டன் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் மற்ற சத்தமெல்லாம் வருகிறது. அப்படியானால் ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருக்கிறது, ஸ்பீக்கரும்தான். பேச்சுக்குத் தனி போர்டு, நடுவில் ஒரு ரிப்பன் கேபிள். கனெக்டரின் பின்பக்கம் டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு பின்னைச் சுற்றி மயிரிழை அளவில் கறுப்பு வளையம். டிரை சால்டர், அதாவது பற்றவைத்தது விட்டுப்போயிருக்கிறது. ஒன்றில் இருந்தால் பக்கத்திலும் இருக்கும், வரிசை முழுக்கப் புதிதாக சால்டர் வைத்தேன். மொத்தம் இருபது நிமிடம்.

கடையில் இதையே செய்துவிட்டு நூறு ரூபாய் கேட்டால், "அஞ்சு ரூபா கன்டென்சருக்கு நூறு ரூபாயா அண்ணே?" என்பார்கள். ஐந்து ரூபாய் கன்டென்சருக்கு, மீதி 95 எந்தக் கன்டென்சர் என்று கண்டுபிடித்ததற்கு. ஒருத்தருக்கும் இது புரிந்ததில்லை. கடைசியில் எல்லோரும் எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் எல்ஈடி டிவி வாங்கினார்கள், நான் ஷட்டரை இறக்கினேன். சரி, அது வேறு கதை.

டெஸ்ட் செய்யும்போது வால்யூமை முழுக்கத் திருகியிருந்ததை மறந்துவிட்டேன். இரவு பதினொன்றரைக்கு 'கோர்கார் ஸ்பீக்ஸ்' என்று அது உறுமியதில் மாடியில் பேத்தி வீரிட்டு எழுந்தாள். மருமகள் படியில் நின்று பார்த்த பார்வையில் நானே பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

ஏசியில் எவ்வளவு காட்டுகிறது என்று அளந்து கீழே எழுதுங்கள், பார்க்கலாம்.