கொழும்பில் கையாடியவர் சிங்கப்பூரில் சிக்கினால்

உங்கள் நாவலில் 1910இல் கொழும்பில் பணம் கையாடிய கிளார்க் சிங்கப்பூரில் சிக்குகிறார். உடனே கப்பலேற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது. இரண்டும் பிரிட்டிஷ் காலனி, அதனால் நாடுகளுக்கிடையே குற்றவாளியை ஒப்படைக்கும் ஒப்பந்தமெல்லாம் வேண்டாம்; 1881ஆம் ஆண்டுத் தப்பியோடிய குற்றவாளிகள் சட்டம் போதும். ஆனால் கொழும்புப் பிடியாணையில் சிங்கப்பூரில் உள்ள ஆளுநரோ உயர் நீதிமன்ற நீதிபதியோ மேலொப்பமிட (அதை ஏற்றுக் கையெழுத்திட) வேண்டும். அதுவரை மாஜிஸ்திரேட் தற்காலிகப் பிடியாணையில் பிடித்து வைக்கலாம்.

அப்புறம், அவரைக் கொழும்புக்கு அனுப்பலாமா என்று சிங்கப்பூர் மாஜிஸ்திரேட் முன் விசாரணை. கொழும்பில் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகும், சாட்சிகள் கடல் தாண்ட வேண்டியதில்லை. சிறையில் அடைத்தபின் 15 நாள் அனுப்பக் கூடாது. காவலை எதிர்த்து நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவதற்கான அவகாசம் அது. ஒரு மாதத்துக்குள் கப்பலேற்றாவிட்டால், தக்க காரணம் காட்டாதபோது நீதிமன்றம் விடுவிக்கலாம். கதைக்குச் சுவையான இடம் இதுதான்: கப்பலைக் கொஞ்சம் தாமதமாக்குங்கள்.