தமிழ் எழுதும் கருவிகள்: மாணவர் கேள்விகளும் என் பதில்களும்

கணினி மொழியியலைக் கல்லூரியில் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். படிப்புக்காக அன்றாடம் பயன்படுத்தும் மொழிக் கருவிகளைப் பற்றி மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் என் துறைக்குள் வருபவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்டவர்களுக்கு ஒரே இடத்தில் பதில் உள்ளது.

திருநெல்வேலி, பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவி: ஐயா, நட்பைப் பற்றிய கட்டுரைக்காக ஒரு செயற்கை நுண்ணறிவு உரையாடியிடம் குறள் கேட்டேன். குறளையும் எண்ணையும் பொருளையும் தந்தது. நூலைப் புரட்டினால் அந்த எண்ணில் வேறு குறள் இருக்கிறது. அது தந்த குறள் எங்குமே இல்லை. அது ஏன் பொய் சொல்கிறது?

பொய் சொல்வதற்கு உண்மை எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். இந்த உரையாடிகள் பெருந்திரளான எழுத்துகளைப் படித்து, ஒரு துண்டுக்குப் பின் எந்தத் துண்டு வரக்கூடும் என்று கணிக்கப் பழகியவை. குறள் கேட்டால், குறள்களில் அடிக்கடி வரும் சொற்களைக் குறள் போன்ற வடிவில் அடுக்கித் தருகின்றன. புகழ்பெற்ற குறள்கள் இணையத்தில் ஆயிரக்கணக்கான இடங்களில் இருப்பதால் அவை பிழையின்றி வந்துவிடும். அதிகம் மேற்கோள் காட்டப்படாத குறளைத் தேடும்போதுதான் இட்டுக்கட்டல் தொடங்குகிறது. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் தமிழில் அவை படித்த எழுத்து மிகக் குறைவு என்பதால், இந்தத் தடுமாற்றம் நமக்குக் கூடுதலாகவே நேர்கிறது.

இதைக் கண்டுபிடிக்கும் வழி உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. நட்பு 79ஆவது அதிகாரம். அதைத் தொடரும் நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு ஆகியவற்றையும் சேர்த்தால் 781 முதல் 830 வரையுள்ள ஐம்பது குறள்கள் நட்பின் பல பக்கங்களைப் பேசுகின்றன. தரப்பட்ட எண் இந்த எல்லைக்கு வெளியே இருந்தால் அங்கேயே ஐயம் எழ வேண்டும். அடுத்து, ஏழு சீர் இருக்கின்றனவா, ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கில் ஒன்றாக முடிகிறதா, தளை தட்டாமல் வருகிறதா என்று பாருங்கள். உரையாடிகள் புனைந்து தரும் குறள்கள் பெரும்பாலும் இந்த யாப்பு விதிகளில்தான் இடறுகின்றன. யாப்பு சரியாக அமைந்துவிட்டால் மட்டும் அது வள்ளுவர் குறள் ஆகிவிடாது. மூல நூலில் அந்த எண்ணுக்குப் போய்ப் பார்ப்பதே இறுதிச் சோதனை.

என் வகுப்பிலேயே ஒருவர் இல்லாத குறளுக்கு மூன்று பக்க விளக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். விளக்கம் அழகாக இருந்தது. அவர் உழைத்த உழைப்பு வீணானது எனக்கு மிகவும் வருத்தம் தந்தது. ஆகவே சொல்கிறேன்: மூலத்தைப் பாருங்கள்.

மதுரை, சேலம், கொழும்பு ஆகிய ஊர்களிலிருந்து மூவர்: சாட்ஜிபிடி, ஜெமினி ஆகியவற்றில் தமிழுக்கு எது சிறந்தது?

சில மாதங்களுக்கு ஒருமுறை இவை மாற்றப்படுகின்றன. இன்று நான் சொல்வது உங்களுக்கு உதவும் நேரத்தில் பொருந்தாமல் போகலாம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாடத்தில் பத்துக் கேள்விகளை எழுதி, எல்லாவற்றிடமும் கேட்டு, நீங்களே மதிப்பெண் இடுங்கள்.

யாழ்ப்பாணம், உயர்தர வகுப்பு மாணவர்: ஆசிரியர் தந்த பிடிஎஃப் குறிப்பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வருகின்றன. அதைச் சுருக்கித் தரும்படி உரையாடியிடம் கொடுத்தால் தொடர்பே இல்லாத எதையோ எழுதுகிறது.

அந்தக் குறிப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. அவ்வகை எழுத்துருக்களில் கணினி சேமித்து வைப்பது ஆங்கில எழுத்தையே. திரையில் அதன் மேல் தமிழ் வடிவம் வரையப்படுகிறது. பாமினியில் 'தமிழ்' என்னும் சொல் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாக இருக்கிறது. எழுத்துருவை நீக்கியவுடன் அந்த ஐந்து குறிகளே எஞ்சுகின்றன. ஒருங்குறி (யுனிகோடு) என்னும் பொதுக் குறியீட்டு முறையில் தமிழ் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் தமக்கே உரிய எண்கள் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. பாமினியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறியிருக்கின்றனவா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள், ஏனெனில் பழைய முறையில் கொம்பு எழுத்துக்கு முன்னாலும் ஒருங்குறியில் பின்னாலும் சேமிக்கப்படுகிறது. பொருளற்ற உள்ளீட்டைக் கொடுத்தாலும் உரையாடி "புரியவில்லை" என்று சொல்லாமல் ஏதேனும் எழுதித்தரும் என்பதை உங்கள் அனுபவமே காட்டிவிட்டது.

தஞ்சாவூர், முனைவர் பட்ட ஆய்வாளர்: 1930களில் அச்சான நூல்களைப் படமெடுத்து எழுத்துணரி வழியாக உரையாக மாற்றுகிறேன். பிழைகள் மிகுதியாக வருகின்றன. கருவியை மாற்ற வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு மகிழ்ச்சியோடு விடை எழுதுகிறேன். எல்லாக் குற்றமும் கருவியுடையது அன்று. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் ணா, றா, னா ஆகியவை கால் சேராத சுழித்த வடிவிலும், ணை, லை, ளை, னை ஆகியவை மேலே துதிக்கை போன்ற வளைவோடும் அச்சாயின. இன்றைய எழுத்துருக்களைக் கொண்டே பெரும்பாலும் பயிற்சி பெற்ற எழுத்துணரிக்கு அந்த வடிவங்கள் அயலானவை; ஆகவே தனக்குத் தெரிந்த வேறோர் எழுத்தாக அவற்றைப் படித்துவிடுகிறது. ரகரத்தையும் கால் குறியையும் மாற்றிப் படிப்பது இன்னொரு பழைய நோய். மங்கிய தாளில் இரண்டுக்கும் வேறுபாடு ஒரு சிறு கோடுதான்.

எச்.பி. நிறுவனத்தில் உருவாகி 2005இல் திறந்த மூலமாக, அதாவது நிரலை யாரும் பெற்று மாற்றிப் பயன்படுத்தும்படி, வெளியிடப்பட்ட டெசராக்ட் என்னும் எழுத்துணரியில் தமிழ் உண்டு. உங்கள் நூலின் பக்கங்களையே கொடுத்து அதற்கு மேலும் பயிற்சி தரவும் இயலும். ஒரு நூலுக்காக அத்தனை உழைப்புத் தேவையா என்பது பக்கங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அதற்கு முன், உங்கள் நூல் தமிழ் நூல்களை இணையத்தில் தொகுத்து வைக்கும் மதுரைத் திட்டத்திலோ தமிழ் விக்கிமூலத்திலோ ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திற்காகத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்த உரையைக் கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொண்டு, அதே நூலைப் பிழைகளோடு மறுபடி உருவாக்க வேண்டியதில்லை. எந்த வழியில் பெற்றாலும், மேற்கோளாக எடுக்கும் ஒவ்வொரு வரியையும் அச்சு நூலோடு ஒப்பிட்டுவிடுங்கள். மூலத்தைப் பாருங்கள்.

ஈரோடு, கலைக் கல்லூரி மாணவர்: இந்தத் துறையைப் படித்தால் வேலை உறுதியா? எந்த மடிக்கணினி வாங்கலாம்?

இரண்டும் என் துறைக்கு வெளியே உள்ளவை. முதலாவதை உங்கள் கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலரிடம் கேளுங்கள்.

கோயம்புத்தூர், பொறியியல் மாணவி: பைத்தான் நிரல்மொழியில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்கிறது. மூன்று எழுத்துதானே?

மொழிக்கு மூன்று, ஒருங்குறிக்கு ஐந்து. த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று அது எண்ணுகிறது. ஒருங்குறி எண்களைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு பிடிப்பதால் அச்சொல்லுக்குப் பதினைந்து பைட்டுகள் தேவை. எழுத்துகளை நம் இலக்கண முறைப்படி பிரிப்பதற்கு ஓப்பன் தமிழ் என்னும் பைத்தான் நூலகம் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) இருக்கிறது.

உரையாடிகள் தமிழில் இடறுவதற்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அவை சொற்களைச் சிறு துண்டுகளாக வெட்டியே படிக்கின்றன. எந்தத் துண்டு அடிக்கடி வருகிறதோ அது முழுதாக நிற்கும், அரிதானது பொடிப்பொடியாகும். ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரே துண்டாக நிற்க, 'படித்துக்கொண்டிருந்தார்களாம்' போன்ற நம் சொல் பல துண்டுகளாகச் சிதறுகிறது. இதனால் ஒரே செய்திக்குத் தமிழில் கூடுதல் துண்டுகள் செலவாகின்றன. துண்டுக்கு இவ்வளவு என்று விலை வைக்கும் சேவைகளில் கட்டணமும் கூடுகிறது. ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் அவை தவறுவதும் இதனால்தான். எழுத்தை அவை பார்ப்பதே இல்லை.

விழுப்புரம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்: தமிழில் தட்டச்சு செய்ய எந்த முறையைக் கற்க வேண்டும்?

தமிழ்99. சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி வகுக்கப்பட்டு, தமிழ்நாட்டு அரசால் தரமாக ஏற்கப்பட்ட விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் அமைந்துள்ளன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். 'ந' வுக்குப்பின் 'த' தட்டினாலும் அப்படியே. 'அம்மா' என எழுத நான்கு தட்டு, 'பந்து' என எழுத நான்கு தட்டு, 'கற்றது' என எழுத ஐந்து தட்டு போதும். ஆங்கில எழுத்தில் ஒலியைத் தட்டித் தமிழாக்கும் முறையில் இவற்றுக்குக் கூடுதல் தட்டுகள் தேவைப்படும் என்பதோடு, மனமும் ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் பார்க்கப் பழகிவிடுகிறது.

இந்தப் பதிலின் முன்வடிவைப் படித்த ஈப்போ ஆசிரியை: உங்கள் கூற்றை ஏற்க மாட்டேன். மலேசியாவில் அஞ்சல் முறையில் ஒலிவழியே எழுதிப் பழகிய பிள்ளைகள் பிழையின்றி எழுதுகிறார்கள். அதில் 'ர' வுக்கு ஒரு விசை, 'ற' வுக்கு வேறு விசை. பிள்ளை தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அம்மா, நீங்கள் சொல்வது சரி. நான் இரண்டு வேறு முறைகளை ஒன்றாகக் கலந்துவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். அஞ்சல் போல ஒவ்வோர் எழுத்துக்கும் நிலையான விசை உள்ள ஒலிமுறையில் எழுதுபவரே எழுத்தைத் தெரிவு செய்கிறார். எனக்கு மறுப்பு உள்ளது ஊகமுறையில். அதில் மாணவர் ஆங்கிலத்தில் தோராயமாக எதையோ தட்டுகிறார். கருவி மூன்று நான்கு தமிழ்ச் சொற்களைக் காட்டுகிறது. அவர் முதலாவதைத் தொட்டுவிடுகிறார். அரை, அறை, கரை, கறை, மரம், மறம் ஆகியவற்றுள் எது தமக்கு வேண்டும் என்று முடிவெடுக்கும் பயிற்சி அங்கே கைவிட்டுப் போகிறது. விடைத்தாளில் எந்தப் பட்டியலும் தோன்றாது.

அதே விழுப்புரம் மாணவர்: இவ்வளவு எதற்கு ஐயா? குரலில் சொன்னால் கைப்பேசியே எழுதிவிடுகிறதே.

தம்பி, குரல்வழி எழுத்தில் இதே இடர் இன்னும் ஆழமாக இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் பேச்சில் 'ர', 'ற' இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. பலர் நாவில் 'ழ' வும் 'ள' வும் ஒன்றாகிவிட்டன. ஒலியில் இல்லாத வேறுபாட்டை ஒலியிலிருந்து எடுக்க எந்தக் கருவியாலும் இயலாது. முன்பின் சொற்களைக் கொண்டு ஊகிக்கிறது. மேலும், நாம் பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. 'வந்துட்டேன்' என்று சொன்னால் அதை அப்படியே எழுதுவதா, 'வந்துவிட்டேன்' என்று எழுதுவதா என்பதை ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாக முடிவு செய்கிறது.

சென்னை, பார்வைக்குறைபாடுள்ள மாணவி: குரல்வழி எழுத்து இல்லாவிட்டால் என்னால் குறிப்பெடுக்கவே இயலாது. அதை நீங்கள் குறைத்துப் பேசுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

உங்களுக்கு அது கண்ணும் கையும் ஆகும், தயங்காமல் பயன்படுத்துங்கள். மேலே நான் எழுதியது, விசையில் எழுத இயலும் நிலையில் எழுத்துக்கூட்டலைக் கற்கும் முன்பே அதைத் தவிர்ப்பவர்களுக்கு மட்டும். எழுதியதைத் திரைவாசிப்பான் கொண்டு திரும்பக் கேட்கும்போது எழுத்தெழுத்தாக வாசிக்கச் செய்தால் ர, ற மயக்கங்கள் பிடிபடும். விசைப்பலகை, அஞ்சல், தமிழ்99 என்று இந்த ஒரு பொருளில் எனக்கு மேலும் பதினொரு மறுப்புகள் வந்துள்ளன. அஞ்சலும் தமிழ்99உம் ஆப்பிள் கருவிகளிலும் புதிய விண்டோஸிலும் செல்லினம் செயலியிலும் ஒருங்கே இருக்கின்றன. இரண்டில் ஒன்றை ஒரு மாதம் பழகிப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த வாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

திருச்சிராப்பள்ளி, மொழிபெயர்ப்புப் பட்டய மாணவர்: இயந்திர மொழிபெயர்ப்பு இப்போது நன்றாகிவிட்டது என்கிறார்கள். நம்பலாமா?

கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் 2011இல் சேர்ந்தது. அன்றைய வெளியீட்டைப் பார்த்தவர்களுக்கு இன்றைய முன்னேற்றம் வியப்பாகவே இருக்கும். சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ.4பாரத் குழு 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 என்னும் மொழிபெயர்ப்புக் கருவி இந்திய அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் திறந்த மூலமாகவே கிடைக்கிறது. ஆயினும் மொழிகளின் கட்டமைப்பு வேறுபடும் இடங்களில் கவனம் வேண்டும். நாம், நாங்கள் என்று நாம் பிரித்துச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ஒரே சொல்தான்; கேட்பவரையும் சேர்த்தா, விலக்கியா என்பதை இயந்திரம் ஊகிக்க வேண்டியிருக்கிறது. 'அவர் மருத்துவர்' என்பதை ஆங்கிலமாக்கும்போது ஆணா பெண்ணா என்று அதுவே முடிவெடுத்துவிடுகிறது. நீ, நீங்கள் என்பதும் அப்படியே. மொழிபெயர்ப்பை முதல் வரைவாகக் கொண்டு, இந்த மூன்று இடங்களையும் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

ஆறு பேர், வெவ்வேறு சொற்களில்: வீட்டுப்பாடக் கட்டுரையை உரையாடியிடம் எழுதி வாங்கலாமா? ஆசிரியர் கண்டுபிடிப்பாரா?

முதல் கேள்விக்கு: கூடாது. இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்ல மாட்டேன்.

புதுச்சேரி, பி.எட். மாணவி: சந்திப்பிழைகளைத் திருத்தத் தமிழில் கருவி உண்டா?

உண்டு. எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி. இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வருமிடத்தில் வல்லினம் மிகும் என்பது போன்ற விதிகளை இத்தகைய கருவிகளால் நன்றாகக் கையாள முடியும். பொருளறிந்து முடிவெடுக்க வேண்டிய இடம் உங்களுடையது. 'வேலை கொடுத்தான்' என்றால் பணி தந்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேலாயுதத்தைத் தந்தான். கருவி ஓர் ஒற்றைச் சேர்க்கச் சொல்லும்போது, ஏன் சேர்க்க வேண்டும் என்ற விதியை உங்கள் மாணவர்களிடம் கேளுங்கள்; விதியைச் சொன்னபின் சேர்க்கட்டும்.

நாகர்கோவில், பள்ளி மாணவி: எங்கள் ஊர்ப் பேச்சைக் கருவிகள் புரிந்துகொள்வதில்லை. நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும். பேச்சுக் கருவிகளுக்குப் பயிற்சி தரக் குரல்களைச் சேகரிக்கும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழ் இருக்கிறது. திரையில் தோன்றும் வாக்கியங்களை உங்கள் குரலில் வாசித்துப் பதியலாம். பிறர் பதிந்தவற்றைக் கேட்டுச் சரிபார்க்கலாம். அங்கே சேரும் ஒலிப்பதிவுகள் யாரும் பயன்படுத்தும்படி பொதுவில் வெளியிடப்படுகின்றன என்பதால், பதிவதற்கு முன் வீட்டில் பெரியவர்களிடம் ஒப்புதல் கேளுங்கள். ஒப்புதல் கிடைத்தால் உங்கள் ஊர் உச்சரிப்பை மாற்றாமல் இயல்பாக வாசியுங்கள்; நாஞ்சில் நாட்டு ஒலிப்பு அந்தத் தொகுப்புக்குக் கட்டாயம் தேவை.