யாத்ரியேலும் அவன் பெரியப்பாவும்: கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐடன் தாமஸின் 'செமட்டரி பாய்ஸ்' நாவலை அண்மையில் வாசித்தேன். திருநம்பியான (பிறப்பில் பெண் என்று கருதப்பட்டு, ஆணாகத் தன்னை உணரும்) ஒரு பதினாறு வயதுப் பையனை நாயகனாக்கிய மிகுபுனைவு என்பதால் மிகுந்த எதிர்பார்ப்போடு தொடங்கினேன். நெகிழ்ந்த இடங்கள் உண்டு. ஆனால் கொலையாளி யார் என்பது பாதியிலேயே தெரிந்துவிட்டது, காதல் பகுதி தித்திப்பாக இருந்தது, முடிவு ஏனோ நிறைவு தரவில்லை. பால்புதுமையினரான (பாலினத்திலோ பாலீர்ப்பிலோ பெரும்பான்மையிலிருந்து வேறுபட்ட) இளையோருக்கு இவ்வளவு தேவைப்படும் ஒரு நூலில் குறை சொல்வது முறைதானா என்றும் தயக்கமாக இருக்கிறது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தயங்க வேண்டியதில்லை. 2020இல் வெளிவந்து, அவ்வாண்டே அமெரிக்கத் தேசியப் புத்தக விருதின் இளையோர் இலக்கிய நெடும்பட்டியலில் இடம்பெற்ற நாவல் இது. அதை இலக்கியமாகக் கருதுகிறோம் என்றால் அதோடு வாதிடத்தான் வேண்டும். (முடிவைப் பற்றியும் பேசப்போகிறேன் என்பதால், இன்னும் வாசிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

இந்நாவலின் பெரிய பலம் அதன் மாயத்தின் அமைப்பு. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கல்லறைத் தோட்டத்தைக் காத்து வாழும், லத்தீன் அமெரிக்க வழிவந்த லத்தீனோ சமூகத்தில் பெண்கள் நோயைக் குணப்படுத்துகிறார்கள், ஆண்கள் இறந்தவர்களின் ஆவியை மறுமைக்கு அனுப்பிவைக்கிறார்கள். பதினைந்து வயதில் நடக்கும் சடங்கு ஒருவரை இவ்விரண்டில் ஒன்றில் சேர்த்துவிடும். நாயகன் யாத்ரியேலுக்கு ஆண்களின் சடங்கை நடத்தித்தரக் குடும்பம் முன்வரவில்லை. ஆகவே அவன் ஒன்றுவிட்ட சகோதரி மரிட்சாவோடு பழைய தேவாலயத்துக்குள் திருட்டுத்தனமாக நுழைந்து, அவள் செய்துகொடுத்த கத்தியோடு, மரணத்தின் அன்னை என்னும் தெய்வத்தின் முன் தானே அதைச் செய்துகொள்கிறான். 'நான் யார்' என்ற கேள்வியை வசனமாகப் பேசவைக்காமல் ஒரு சடங்கின் நுணுக்கங்களுக்குள் வைத்ததால்தான் அந்த முதல் அத்தியாயம் அவ்வளவு அழுத்தமாக அமைகிறது.

அதற்கடுத்து வரும் காட்சி இன்னும் நுட்பமானது. உறவினன் மிகேல் இறந்துவிட்டான் என்பதைக் குடும்பம் முழுவதும் தன் உடலிலேயே வலியாக உணர்கிறது. தேடப் புறப்படும் ஆண்களோடு யாத்ரியேலும் கிளம்புகிறான். அப்பா என்ரிக்கே அவனைப் பெண்களோடு இருக்கச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அதில் வெறுப்பில்லை, அவமதிக்கும் எண்ணமும் இல்லை. துக்கத்தில் தவிக்கும் ஒரு மனிதரின் வாயிலிருந்து பழக்கத்தால் வந்துவிழுந்த சொல் அது. அன்புள்ளவர்கள் இப்படிப் போகிறபோக்கில் காயப்படுத்துவதை இத்தனை துல்லியமாகச் சொன்ன பக்கங்களை இளையோர் நாவல்களில் நான் அதிகம் கண்டதில்லை.

கொலையாளி குறித்து நீங்கள் சொல்வது சரி. காதல் குறித்து உடன்பட மாட்டேன். ஆவியாக வந்து அவன் காதலனாகும் ஹூலியன், யாத்ரியேலை ஒரு பையன் என்று எந்த விளக்கமும் கேட்காமல் ஏற்றுக்கொள்கிறான். வீட்டில் ஒவ்வொரு நாளும் தன்னை நிறுவவேண்டியிருக்கும் ஒருவனுக்கு அது எத்தகைய ஓய்வாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். அந்தத் தித்திப்பு அவனுக்குச் சேரவேண்டியதுதான்.

முடிவு நிறைவளிக்காததற்குக் காரணம் வேறிடத்தில் இருக்கிறது என நினைக்கிறேன். தெய்வம் முதல் அத்தியாயத்திலேயே அவனை ஏற்றுவிடுகிறது. பிறகு மிச்சமிருப்பது அந்தச் சான்றைக் குடும்பத்தின் கண்ணில் காட்டுவது மட்டுமே. கடைசியில் அவன் உயிர்களைக் காப்பாற்றிய பிறகே ஊர் கூடி அவனை வரவேற்கிறது. சரி, அந்தச் சடங்கு பலிக்காமல் போயிருந்தால்? அப்போதும் அவன் பையன்தானே? இக்கேள்வியை நாவல் எழுப்பிக்கொள்ளவே இல்லை.

எழுப்பியிருக்க வேண்டிய பாத்திரம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. பெரியப்பா கத்ரிஸ் மூத்த மகன். ஆனால் மாய ஆற்றல் இல்லாமல் பிறந்தவர் என்பதால் சமூகத்தின் தலைமை தம்பி என்ரிக்கேயிடம் போய்விட்டது. குடும்பத்தில் யாத்ரியேலின் தனிமை அவருக்குத்தான் நன்றாகப் புரிகிறது. அந்த மனிதரையே நாவல் கொலைகாரராக்கிவிடுகிறது. ஆற்றல் உள்ள புறக்கணிக்கப்பட்டவனுக்கு வரவேற்பு, ஆற்றல் இல்லாதவருக்கு அழிவு என்று ஆகிவிடுகிறது. தன் கொலைகளுக்கு அவரே பொறுப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அவரை ஒதுக்கிவைத்த ஏற்பாட்டின் மீது நாவல் யாத்ரியேலுக்காகக் காட்டும் கோபத்தில் ஒரு பங்கையேனும் அவருக்காகவும் காட்டியிருக்கலாம்.

நாவலாசிரியருக்கு இது தெரியாததல்ல என்பதற்கு மரிட்சாவே சாட்சி. அவளுக்கு ஆற்றல் உண்டு, ஆனால் அதற்குத் தேவைப்படும் விலங்கின் இரத்தத்தைத் தொடமாட்டேன் என்று குணப்படுத்துதலையே விட்டுவிட்டவள். எதையும் நிரூபிக்காமலே அவளுக்கு இக்கதையில் முழு இடம் கிடைக்கிறது. அந்தத் தாராளம் கத்ரிஸ் வரை நீண்டிருந்தால், கொலையாளி யார் என்று முன்பே தெரிந்துவிட்டது உங்களுக்கு ஒரு குறையாகவே பட்டிருக்காது.

முடிந்தால் பெரியப்பாவும் யாத்ரியேலும் தனியே பேசிக்கொள்ளும் பக்கங்களை மட்டும், அவர் யார் என்று தெரிந்த நிலையில், இன்னொருமுறை வாசித்துவிட்டு எழுதுங்கள். அந்தப் பரிவு முழுக்க நடிப்பா என்று என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

அன்புடன்