2017 கோடையில் இங்கிலாந்தின் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் சிட்டி, ஃபுல்பேக்குகளுக்காக (தற்காப்பு வரிசையின் இரு ஓரங்களிலும் ஆடுபவர்கள்) ஏன் அவ்வளவு பணம் கொட்டியது?

பயிற்சியாளர் பெப் கார்டியோலாவின் முதல் சீசனான 2016-17இல் சிட்டி ஒரு கோப்பைகூட இல்லாமல், இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் மூன்றாம் இடத்தில் முடித்தது. அவருடைய ஆட்டமுறையில் ஃபுல்பேக்குகளுக்கு வேலை அதிகம். தாக்குதலுக்கு மேலே ஏற வேண்டும், பந்து பறிபோனால் உடனே பின்னால் ஓடிவர வேண்டும். ஆனால் கையில் இருந்த சபலேத்தா, சாக்னா, கிளிஷி, கொலாரோவ் நால்வருமே முப்பதைத் தாண்டியவர்கள். அந்தக் கோடையில் நால்வரும் கிளம்பினார்கள்.

அவர்களுக்குப் பதிலாக டோட்டன்ஹாமிலிருந்து கைல் வாக்கர், மொனாகோவிலிருந்து மென்டி, ரியல் மாட்ரிட்டிலிருந்து டனிலோ வந்தார்கள். என்னைக் கேட்டால், இவர்களைவிடப் பெரிய வரவு பென்ஃபிகாவின் கோல்கீப்பர் எடர்சன்தான். எதிரணி எவ்வளவு நெருக்கினாலும் பதறாமல் காலால் பாஸ் கொடுப்பார்; அதனால் தாக்குதல் அவரிடமிருந்தே தொடங்கியது.

சரி, திட்டம் அப்படியே நடந்ததா? இல்லை. செப்டம்பரிலேயே இடது ஃபுல்பேக் மென்டிக்கு முழங்காலில் பலத்த காயம். இடது பக்கத்துக்கு நடுக்கள வீரர் ஃபேபியன் டெல்ஃபை இறக்கினார் பெப். டெல்ஃப் கோட்டோரமாக ஏறாமல், பந்து சிட்டியிடம் இருக்கும்போது உள்ளே நகர்ந்து, நடுக்களத்தில் ஃபெர்னாண்டினியோ பக்கத்தில் நிற்பார். தாக்குதல் வீரர் சானே இடது கோட்டை ஒட்டியே இருப்பார். அவரைக் காக்க எதிரணியின் ஃபுல்பேக் வெளியே இழுபட, நடுவில் திறக்கும் இடைவெளியில் நடுக்கள வீரர் டேவிட் சில்வா பந்தை வாங்குவார். எனக்கு மிகவும் பிடித்த சிட்டி அணி அதுதான். 2017-18இல் 100 புள்ளிகள், 106 கோல்கள். பிரீமியர் லீக்கில் அதற்கு முன் எந்த அணியும் 100 புள்ளிகளைத் தொட்டதில்லை.